அடுத்த அறையில் இருமல்

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.

டைம்கீப்பர் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்து ஸ்டூலில் கிடந்த நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கம். நேரம், எத்தனை ஸ்பூன், எத்தனை நிமிடம், எத்தனை இருமல் என்று நான்கு கட்டங்கள். இரண்டு வருடமாக வேளைக்கு ஒரு வரி. நல்ல நாளில் நாலாவது கட்டத்தில் ஐந்து இருக்கும், மோசமான நாளில் பதினான்கு. இருமல் இல்லாத வரி அந்த நோட்டில் இல்லை, அதற்கு முந்தின மூன்று நோட்டுகளிலும் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டை முதல் ஸ்பூனிலிருந்து மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு ஸ்பூன். நாற்பத்தொரு நிமிடம். பூஜ்யம் என்று எழுதினார். எழுதிவிட்டு, யாரோ சொல்லிப் பொய் எழுதியவர்போல மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணையோடு, அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அதில் ஆச்சரியமில்லை. அந்த முகத்தில் ஏதாவது தெரிந்தே நாலு வருடம் ஆகியிருந்தது.

முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போ வாசலில் ஒரு மரக்கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதியவர் அவர். ரிட்டயர் ஆகிப் பல வருடமான பிறகும் தெருவில் அவர் டைம்கீப்பர்தான். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள், கிண்டலாக. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊர் முழுக்கக் கேட்ட குரல். "டைம்கீப்பர் ஐயா, ஒரு ஜோக் சொல்லட்டுமா, இல்ல அதுக்கும் ஷெட்யூல் இருக்கா?" என்பாள். நாளெல்லாம் பேசியும் வாய் வலிக்காதவளும், நாளெல்லாம் பேசாமலே இருந்தும் அலுக்காதவரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு நடுக்குவாதம் வந்தது. வீட்டை மொத்தமாகக் காலி பண்ணச் சொல்ல வாய் வராத வீட்டுக்காரன், இந்த அறையைக் கொடு, அடுத்த மாதம் அந்த அறையைக் கொடு என்று கேட்பதுபோல, முதலில் கையைக் கேட்டது. பிறகு நடையை. பிறகு குரலை. கடைசியாகத் தொண்டைக்கு வந்திருந்தது.

குரல் முழுக்கப் போவதற்கு முன்பே அவள் அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் கிழவருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று.

"தொட்டிச் செடிக்கு ஊத்துற மாதிரி எனக்கு ஊத்தாதீங்க. ரெண்டு ஸ்பூன் எறங்கினாலும் வாயாலதான். எறங்கலைன்னா விட்டுடுங்க. ஆனா குழாய் மட்டும் வேணாம்."

"சரி."

"சரின்னா? ரிஜிஸ்டர்ல எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

அன்றிலிருந்து அவர் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் என்றாலும் மாவு கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரிக் குனிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்பூனுக்கு இரண்டு விழுங்கல். இடது கை விரல்களைத் தொண்டையில் வைத்து, அந்தக் குருத்தெலும்பு ஏறி இறங்குவதை இரண்டு தடவை உணர்ந்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். அதற்கு நடுவில் எப்போது வேண்டுமானாலும் புரையேறும். முதலில் சின்னதாக இரண்டு, பிறகு ஈரக் கயிற்றைக் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் நீளமாக ஒன்று, கடைசியில் மன்னிப்புக் கேட்பதுபோல 'ம்' என்று ஒரு முனகல். அவர் முதுகைத் தட்டுவார். "யாரோ ஒன்னை நெனைக்கிறாங்க" என்பார். ஆரம்பத்தில் அவள் கிசுகிசுப்பாகப் பதில் சொல்வாள்: "நெனைக்கிறவங்க சாப்பாட்டு நேரம் பாத்தா நெனைப்பாங்க?"

அந்த இருமல்தான் செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். வேறு ஊரில் வேலை.

"இருமலே இல்லையா? நெஜமாவா? அப்ப நல்லதுதானேப்பா?"

"நல்லதுதான்," என்றார். சொன்ன பிறகு, அந்த வார்த்தை வாயிலேயே தங்கிவிட்டது போலிருந்தது.

வியாழக்கிழமை தெரபிஸ்ட் வந்தாள். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கிற சின்னப் பெண். நோட்டை வாங்கி மூன்று நாள் பூஜ்யங்களையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒரு ஸ்பூன் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். "ஆ சொல்லுங்கம்மா" என்றாள். 'ஆ' வந்தது. அதில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் ஓர் ஈரம்.

"சார், இருமல் வந்தா பயப்பட வேணாம். இருமல் வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேன் கத்தலைன்னா திருடன் வரலைன்னு அர்த்தமா? தூங்கிட்டான்னு அர்த்தம்."

"அப்படின்னா?"

"தொண்டைக்கு உணர்ச்சி போயிடுச்சு. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போனாலும் அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. சத்தமே இல்லாம புரையேறும்."

அவர் மனைவியைப் பார்த்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தெரிந்த கண்கள். அவை மட்டும் அவளுடையவையாக மிச்சம் இருந்தன.

"வாட்ச்மேனை எழுப்ப முடியாதா?"

"சில பேருக்குத் திரும்பும். நெறைய பேருக்குத் திரும்பாது சார்." பைக்குள் சாமானை வைத்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "டாக்டர் அடுத்த மாசம் ரெண்டாம் தேதி வரைக்கும் டைம் குடுத்திருக்கார். நெஞ்சுல சளி கட்டக் கூடாது. எடை முப்பத்தெட்டு கிலோவாவது இருக்கணும். இன்னைக்கு முப்பத்தாறு எண்ணூறு. ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் குழாய்தான்."

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு அவர் மசித்த உருளைக்கிழங்கோடு உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் கட்டிலின் குறுக்கே பாதி வரை விழுந்திருந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து வருகிற கசந்த வாசனையும், வெண்ணெய் வாசனையும், அவள் தலையில் அவர் காலையில் தேய்த்த எண்ணெயின் வாசனையும் அசையாத காற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றிருந்தன. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போன பிறகு சத்தம் என்று எதுவும் இல்லை. மூன்று ஸ்பூன் இறங்கியது. நாலாவது ஸ்பூனைக் கொடுத்து, தொண்டையில் ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணினார்.

அடுத்த அறையில் அவள் இருமினாள்.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. பிறகு 'ம்'.

அவர் விரல் இன்னும் அவள் தொண்டைமேல் இருந்தது. தொண்டை அசையவில்லை. வாய் மூடியிருந்தது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு, டிப்போ வாசலில் திரும்புகிற வண்டி எது, அதன் டிரைவர் யார் என்று சத்தத்திலேயே சொன்னவர் அவர். ஆயிரம் பேர் இருமினாலும் இவள் இருமலைப் பிரித்துச் சொல்வார். எழுந்து போனார். கட்டிலின் கால்மாட்டில், நாலடி தள்ளி, அந்தக் கதவு. மகள் படித்த அறை. இப்போது மடக்கிய வாக்கர், யாரும் உட்காராத கமோடு நாற்காலி, டயப்பர் பாக்கெட்டுகள், விரிப்பு இல்லாத மெத்தையோடு ஒற்றைக் கட்டில். ஜன்னல் சாத்தியிருந்தது. வெயில் கண்ணாடி வழியாக வந்து தூசியில் நின்றது. அவர் வெகுநேரம் அங்கே நின்றார். பயம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் கிள்ளுகிற விரலுக்கு மட்டும்தானே தெரியும், அப்படி, எங்கோ தொலைவில் தன் உடம்பு பயப்படுகிறது என்று தகவலாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் விட்டு ஐந்தாவது ஸ்பூன். ஒன்றுமில்லை. ஆறு, ஏழு, எட்டு. ஒன்றுமில்லை. ஒன்பதாவதில் அவசரப்பட்டுக் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டார்.

அடுத்த அறை இருமியது.

அன்று சாயங்காலம் அவர் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. மாவு கலக்காத வெறும் தண்ணீரில் அரை ஸ்பூன் எடுத்து அவள் வாயில் விட்டார். வெறும் தண்ணீர் அவளுக்கு விஷம் மாதிரி. தெரிந்துதான் விட்டார். தண்ணீர் உள்ளே போன அந்தக் கணமே அடுத்த அறையில் வெடித்துக்கொண்டு வந்தது, ஏழு, எட்டு இருமல், நடுவில் மூச்சை உள்ளே இழுக்கிற விசில் சத்தத்தோடு. கட்டிலில் அவள் இமைகூட அசையவில்லை. கடைவாயில் ஒரு சொட்டு வழிந்தது. அவர் துணியால் துடைத்துவிட்டார்.

வாட்ச்மேன் தூங்கவில்லை. வேறு வாசலில் உட்கார்ந்திருக்கிறான்.

இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தார். மறுநாளிலிருந்து மகளின் அறைக் கதவை முழுக்கத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்தார். அங்கே இருமினால் இங்கே நிறுத்துவார். தாடையை இன்னும் குனிய வைப்பார். ஸ்பூனில் பாதியாகக் குறைப்பார். அங்கே அமைதியான பிறகு மறுபடி ஆரம்பிப்பார். நோட்டில் நாலாவது கட்டத்தில் மறுபடி எண்கள் வந்தன. மூன்று. ஐந்து. இரண்டு. எந்த அறை என்று கேட்க அந்த நோட்டில் கட்டம் இல்லை.

அடுத்த வாரம் தெரபிஸ்ட் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டாள்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. இருமல் திரும்பிடுச்சா சார்?"

"திரும்பிடுச்சு."

"அப்படியா! நான் பாத்ததே இல்ல இந்த மாதிரி. என்ன பண்ணினீங்க?"

"நேரத்துக்குக் குடுத்தேன்," என்றார்.

அவள் சிரித்தாள். "நீங்க எங்க ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க. பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிடலாம்."

எடை முப்பத்தேழு நூறு.

நாட்கள் நன்றாகத்தான் போயின. ஒன்று மட்டும். முன்பெல்லாம் வாயைத் திறக்க அவளிடம் கெஞ்ச வேண்டும். இப்போது ஸ்பூன் கிண்ணத்தை விட்டுக் கிளம்பும்போதே வாய் திறந்துவிடுகிறது. அகலமாக, ஒரே அளவாக, இவர் கொடுத்தால் மூடி, விழுங்கி, மறுபடி அதே அளவுக்கு. "போதுமா?" என்றால் மூடுவதில்லை. 'ஆ சொல்லு' என்றால் 'ஆ' வருகிறது, ஈரம் இல்லாமல், சுத்தமாக. தட்டினால் சத்தம் வருகிற பாத்திரம் மாதிரி. அவர் அறைக்குள் நடந்தால் முன்பு கூடவே வரும் கண்கள், இப்போது ஸ்பூனோடு வந்தன. ஸ்பூனோடு போயின.

இருமலுக்கு நடுவே மகளின் அறையில் வேறு சத்தங்களும் கேட்க ஆரம்பித்தன. தொண்டையைச் செருமுவது. புரையேறி முடித்தபின் களைத்து விடுகிற மூச்சு. மெத்தையின் ஸ்பிரிங் ஒரு முறை முனகுவது. இருபத்தாறாம் தேதி, மதியச் சாப்பாடு முடிந்து அவர் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து, மிக மெல்ல:

"ஏங்க."

நாலு வருடமாகக் கேட்காத வார்த்தை. கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தார். எழுந்து போய்ப் பார்த்தார். வாக்கர். நாற்காலி. பாக்கெட்டுகள். மெத்தைமேல், ஒருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, ஒரு பள்ளம். உள்ளங்கையை அதில் வைத்தார். வெதுவெதுப்பு இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. வெயில் விழுகிற இடம். தலைக்கு வைக்கிற எண்ணெயின் வாசனை மட்டும் இருந்தது. அது எல்லா அறையிலும் இருக்கும்தானே என்று சொல்லிக்கொண்டார்.

"என்னம்மா?" என்று கேட்டும் பார்த்தார்.

கட்டில் அறையிலிருந்து உதடுகள் பிரிகிற சின்ன ஈரச் சத்தம் வந்தது. வாய் திறந்திருந்தது.

ஒன்றாம் தேதி காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு அவரே எடை மெஷினில் ஏறினார். பிறகு தனியாக ஏறினார். கழித்துப் பார்த்தார். முப்பத்தேழு கிலோ எழுநூறு. மறுபடி ஏறினார். அதே எழுநூறு.

மதியம் மகள் போன்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துடுவேன்பா. ஆஸ்பத்திரில பெட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"சும்மா, ஒரு சேஃப்டிக்கு. ஏம்பா, குழாய் போட்டா அம்மாவுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு. கண்ணாடியில உங்களைப் பாத்தீங்களா? இப்பல்லாம் பேசுறதே இல்ல நீங்க."

"எப்பப் பேசினேன்?"

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, அம்மா என்ன கேட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா முந்நூறு கிராமுக்காக நீங்க போராடிட்டிருக்கீங்க."

"முந்நூறுதானே," என்றார் அவர்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய கிண்ணத்தை எடுத்தார். வேகவைத்து வடிகட்டிய பூசணி, இரண்டு முட்டையின் மஞ்சள்கரு, வெண்ணெய், பால் பவுடர். மத்தால் அல்ல, சல்லடையில் போட்டு மூன்று முறை தேய்த்து, நூல் இல்லாமல், கட்டி இல்லாமல். தராசில் வைத்தார். நானூறு கிராம். ஐம்பது ஸ்பூன் வரும். வழக்கத்தைவிட இருபது அதிகம். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் ஏறி, மங்கி, சுவரோடு சுவராகிப் போக, அவர் விளக்கைப் போட்டார். டியூப் லைட் இரண்டு முறை துடித்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. மகளின் அறைக்குள் விளக்கு இல்லை. திறந்த கதவு, அதற்கு அந்தப் பக்கம் இருட்டு.

முதல் மூன்று ஸ்பூன் அமைதியாக இறங்கின.

நாலாவதில் இருட்டு இருமியது. அவர் நிறுத்தினார். காத்திருந்தார். வாய் திறந்தது. கொடுத்தார்.

ஏழாவதில் இருமல். ஒன்பதில். பத்தில். பன்னிரண்டாவதிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனுக்கும். அவர் தாடையைக் குனிய வைத்துப் பார்த்தார். அளவைக் குறைத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் விட்டுப் பார்த்தார். அங்கே இருமல் ஓய்வதற்குள் இங்கே வாய் திறந்துவிட்டது. பதினைந்தாவது ஸ்பூனில் அங்கே மூச்சு விசிலடித்தது. பிறகு, தெளிவாக:

"போதுங்க."

"இன்னும் கொஞ்சம்தாம்மா," என்றார். "நாளைக்கு ஒரு நாள். அப்புறம் ஒன் இஷ்டம்."

சொல்லி முடித்த பிறகுதான், கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

"என்னால முடியலைங்க."

அவள் குரல். எக்ஸ்சேஞ்சில் ஊருக்கே தெரிந்த குரல், தேய்ந்து, ஈரமாகி. அவர் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் முப்பத்தைந்து ஸ்பூன் இருந்தது. நிறுத்தினால் நாளைக் காலை எட்டு மணிக்கு மகள். ஒன்பதுக்கு ஆஸ்பத்திரி. பத்துக்குக் குழாய். ஒன்றன்பின் ஒன்றாக நேரங்கள் வரிசையாக நின்றன. பாதி வழியில் எந்த வண்டியையும் அவர் திருப்பியதில்லை. கட்டிலில் இருந்தவள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருமலில்லை. மூச்சுத் திணறலில்லை. விரலில் மாட்டியிருந்த மெஷினில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றெட்டு. இவள்தானே என் மனைவி, என்று நினைத்தார். இதோ, கண்ணுக்கு முன்னால் இருக்கிறவள்தானே.

எழுந்தார். காலால் செங்கல்லைத் தள்ளினார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார்.

நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

பதினாறு. பதினேழு. கதவுக்கு அப்பால் இருமல் கம்பளிக்குள் கேட்பதுபோல் கேட்டது. பதினெட்டு. இரண்டு விழுங்கல். பத்தொன்பது. வாய் அழகாகத் திறந்தது, அழகாக மூடியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஒழுங்காக இவள் சாப்பிட்டதேயில்லை. இருபது. இருபத்தொன்று.

இருபத்திரண்டாவது ஸ்பூனில் இருமல் நின்றது.

நின்றால் நல்லது என்று நினைக்கவில்லை அவர். தெரபிஸ்ட் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள்: இருமுறவரைக்கும் காத்து போயிட்டிருக்கு சார், விடுங்க, சத்தம் நின்னா, அப்பதான் ஓடணும். அவருக்குத் தெரியும். தெரிந்தது, எங்கோ தொலைவில், தகவலாக.

இருபத்துமூன்று.

கதவில் ஓர் உள்ளங்கை அறைந்தது.

இருபத்துநாலு.

மறுபடி. கொஞ்சம் கீழே.

இருபத்தைந்து. அவர் கை நடுங்கவில்லை. அதை அவர் கவனித்தார்.

மறுபடி. கைப்பிடிக்கும் கீழே. அறைதலாக இல்லை. வெறும் தொடுதல். பிறகு மரத்தை நகம் இழுத்துக்கொண்டு போவது. மெதுவாக. மேலிருந்து கீழ்.

முப்பது.

முப்பத்தொன்று.

சத்தமில்லை.

முப்பத்திரண்டு. கிண்ணத்தில் ஸ்பூன் உரசுவது மட்டும். விழுங்குவது மட்டும். டியூப் லைட்டின் ரீங்காரம். நாற்பது. நாற்பத்தைந்து. வெண்ணெய் ஆறி ஓரத்தில் படிந்துவிட்டது. வழித்தார். ஐம்பது. இன்னும் ஒன்று வந்தது. ஐம்பத்தொன்று.

முடிந்தது. நானூறு கிராம்.

"போதுமா?" என்று கேட்டார்.

வாய் திறந்தது.

அவர் காலிக் கிண்ணத்தைக் காட்டினார். வாய் மூடவில்லை. உள்ளே நாக்கும், அண்ணமும், அதற்குப் பின்னால் இருட்டும் தெரிந்தன. அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கழுவி வைத்ததுபோல் இருந்தது.

கிண்ணத்தோடு எழுந்தார். திரும்பினார்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதன் வழியாக ஒரு கை இந்தப் பக்கம் வந்திருந்தது. விரல்கள் மட்டும். புறங்கை நுழைய இடமில்லை. நகங்கள் நீலமாக இருந்தன. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருண்டை பிடிப்பதுபோல ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருந்தன. பதினொரு வருடம் முன்னால், சாப்பாட்டு மேஜையில், "இதப் பாருங்க, நான் சொல்லாமலே ஆடுது" என்று அவள் சிரித்துக்கொண்டே காட்டிய அதே நடுக்கம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நடுக்கம் மெதுவானது. இன்னும் மெதுவானது. சுட்டுவிரல் ஒரு முறை தனியாக அசைந்தது.

பிறகு இல்லை.

கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். போர்வைமேல் இரண்டு கைகளும் இருந்தன. பக்கம் பக்கமாக, மட்டமாக, கொஞ்சமும் ஆடாமல்.

அவற்றுக்கு மேலே, அடுத்த ஸ்பூனுக்காக, வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது.